கண்ணை எடுக்காமல் கரைத்த பிள்ளையார்

“இயற்கை தன்னை நம்பியவனை ஒருநாளும் கைவிட்டதில்லை. இது சித்தர்கள் மீது ஆணை!” என்று மூலிகைச் செம்மல் பி. முத்து கேமராவைப் பார்த்து முழங்கியபோது, ஒரு கட்டெறும்பு அவருடைய வேட்டிக்குள் முழங்காலைக் கடந்து மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதே முழக்கத்தை அவர் அன்று காலையில் ஏற்கெனவே இரண்டு தடவை முழங்கியாகிவிட்டது. ஒன்றைக் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தின்றது. இன்னொன்றில், சித்தர்கள் மீது ஆணையிட்ட விரலில் உப்புமாவின் கறிவேப்பிலை ஒட்டியிருப்பதைப் படம்பிடிக்க வந்த அனிஷா கண்டுபிடித்துவிட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்தில் அவர் வீட்டைத் தெரியாதவர் கிடையாது. வாசல் பலகையில் மூலிகைச் செம்மல். ரேஷன் கார்டில் பிச்சமுத்து. மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். செம்மல் பட்டம் கொடுத்த சங்கத்துக்கு அவரே பொருளாளர் என்பதால், விழாவில் சால்வையை மட்டும் வேறொருவர் போர்த்தினார். ஆனால் அந்த வீட்டுக்கு அடையாளம் பலகை அல்ல, கொடிதான். குண்டுமணிக் கொடி.

கேட்டின் இரும்பு வளைவில் ஏறி, காம்பவுண்டுச் சுவரை மூடி, பக்கவாட்டில் நீண்டு, குளியலறை வெண்டிலேட்டரின் கம்பி வரைக்கும் அது போயிருந்தது. புளியிலை போல இணை இணையாகச் சின்ன இலைகள். தை மாதத்தில் நெற்றுகள் காய்ந்து, முறுக்கிக்கொண்டு, படக்கென்று வாய் பிளக்கும். பிளந்தாலும் விதை விழாது. உள்ளேயே ஒட்டிக்கொண்டு, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பால் போடுகிறவர் அந்த வளைவுக்குக் கீழே நிற்பதே இல்லை. பாக்கெட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் கொடியை யாரும் நட்டதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பிள்ளையார் சதுர்த்திக்குத் தெப்பக்குளம் கடைத்தெருவில் வாங்கிவந்த களிமண் பிள்ளையாருக்கு வழக்கம்போல் குண்டுமணியில் கண் வைத்திருந்தார்கள். எல்லோரும் காவிரியில் போய்க் கரைக்க, செம்மல் மட்டும் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வேண்டி, வீட்டு வாசலில் பெயிண்டு வாளியில் கேமரா முன்னால் கரைத்தார். அவர் மனைவி அனுசுயா அன்றைக்கே சொன்னாள்: “ஏங்க, கண்ணை எடுத்துட்டுக் கரைங்க. எங்க வீட்டுல கண்ணை எடுத்து அரிசிப்பானையில போட்டுட்டுத்தான் கரைப்பாங்க. கண்ணோட கரைக்கக் கூடாதுங்க.”

“கண்ணு இருந்தாத்தான் ஷாட்டு நல்லா இருக்கும்.”

ஷாட்டு நன்றாகத்தான் இருந்தது. தும்பிக்கை போனது, காது போனது, தொந்தி கரைந்து சேறானது. கடைசியாக அந்த இரண்டு கண்கள் மட்டும் சேற்றுநீரில் கொஞ்ச நேரம் மிதந்து, கேமராவை அல்ல, அவரைப் பார்த்துவிட்டு, மூழ்கின. வாளியைக் கேட்டோரம் கவிழ்த்தார். அடுத்த மழையில் அந்த இடத்தில் ஒரு முளை எட்டிப் பார்த்தது. ஒன்றுதான் முளைத்தது. இன்னொரு கண் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கொடிதான் அவரைச் செம்மலாக்கியது. இலையை மென்றால் அதிமதுரம் போல இனிக்கும். தொண்டைக்கு நல்லது என்று பாடகர்கள் மெல்வார்கள். அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு அவர் மணப்பாறை வரைக்கும் போய் மேடையேறிப் பேசியிருக்கிறார். விதை விஷம் என்பதைச் சொல்வது மேடைக்கு அழகில்லை என்று விட்டுவிடுவார். தெருக்காரர்கள் கொடியை வெட்டச் சொல்லி வந்தபோது, இயற்கை தன்னை நம்பியவனை என்று ஆரம்பித்தார். அவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

“இப்ப இலையைப் பறிச்சு வாயில போட்டுக்கங்க சார்,” என்றாள் அனிஷா. “குளோசப் போறேன்.”

அவர் கையை உயர்த்தி, பார்க்காமலே ஒரு கொத்தை உருவி, அப்படியே வாயில் போட்டு மென்றார். இனிப்பு நாக்கில் இறங்கியது. கண்ணை மூடி, சித்தர் முகம் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அப்போது கடைவாயில் கெட்டியாக, உருண்டையாக ஒன்று சிக்கியது.

கடக்.

இலையோடு பிளந்த நெற்று ஒன்றும் வந்திருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்தது. துப்பினால் போதும். துப்புவதற்கு வாயைக் குவிக்கக்கூடச் செய்தார். எதிரே கேமரா இருந்தது. இலையைத் துப்பும் செம்மலை உலகம் பார்த்ததில்லை. அதுவும் எச்சிலோடு, பச்சையாக, குளோசப்பில்.

விழுங்கினார். புன்னகைத்தார்.

“சார், இதோட விதை பயங்கர விஷம்னு சொல்றாங்களே?” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அனிஷா கேட்டாள்.

“விஷம் விதையில இல்லம்மா,” என்றார் பிச்சமுத்து. “பயத்துல இருக்கு.”

“செம சார்! இதையே தலைப்பா வச்சிடலாம்.”

அவள் போனதும் அவர் குளியலறைக்கு ஓடினார்.

மேடையில் சொல்லாததையெல்லாம் அவர் படித்திருந்தார். முழு விதை உள்ளே போனால் ஒன்றும் செய்யாது. அந்த ஓடு அப்படி. வந்த விருந்தாளி காப்பி குடிக்காமல் பின்வாசல் வழியாகப் போவது போல, அது பாட்டுக்குப் போய்விடும். ஓட்டில் கீறல் விழுந்திருந்தால் கதை வேறு. முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, அப்புறம் ரத்தம், அப்புறம் மாலை. மாற்று மருந்து கிடையாது.

ஆக, உடைந்தது எது என்பதுதான் கேள்வி. கண்ணாடி முன்னால் நின்று விரலை விட்டுத் தடவினார். வலது மேல் கடைவாய்ப் பல் சொரசொரவென்று இருந்தது. அந்தப் பல் அவருடையது அல்ல. ‘ஆலும் வேலும் காத்த முப்பத்திரண்டு’ என்று அவர் ஊரெல்லாம் ஈயென்று காட்டும் வரிசையில் அது ஒரு பல் டாக்டர் மாட்டிவிட்ட உறை. மாட்டிக்கொள்ளப் போன அன்று வீட்டில் சமயபுரம் போவதாகச் சொல்லியிருந்தார். இப்போது அதில் ஒரு சில்லைக் காணோம். அப்படியானால் உடைந்தது உறைதான். இல்லை, உறையும் விதையும் சேர்ந்தேவா? வாயில் இனிப்பு இன்னும் போகவில்லை. கொப்பளித்துத் துப்பினார். எச்சில் பாகு போலக் கயிறுகட்டி இறங்கியது.

மத்தியானம் பஸ் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டாக்டர் பரக்கத் அலியின் கிளினிக்குக்குப் போனார். உயிர்ப்பயம் காவிரிப் பாலம் தாண்டும்வரை அவரை இழுத்துக்கொண்டு வந்தது. டோக்கன் கொடுக்கும் பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். “சார், நீங்க அந்தக் குண்டுமணி சார்தானே? எங்க அத்தை உங்க வீடியோதான் பாப்பாங்க. ஒரு செல்ஃபி சார்.” ஈயென்று காட்டினார். உடைந்த பக்கத்தை உதட்டால் மூடிக்கொண்டு.

உள்ளே போனபோது உயிர்ப்பயம் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தது.

“சொல்லுங்க, என்ன பண்ணுது?”

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எங்க சொந்தக்காரர் ஒருத்தர். தெரியாம ஒரு குண்டுமணியை முழுங்கிட்டாரு.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “முழுசாவா, கடிச்சா?”

“அதான் அவருக்கே தெரியல.”

“அவர் எங்க இருக்காரு?”

“மணப்பாறையில.”

“இப்பவே போன் போடுங்க. பெரியாஸ்பத்திரியில அட்மிட் ஆகச் சொல்லுங்க. விளையாட்டு இல்லீங்க இது.” பிறகு, எதிரில் வேர்த்திருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “முழுசாப் போயிருந்தா முழுசாவே வெளியே வந்துடும். வந்துச்சான்னு பாக்கச் சொல்லுங்க.”

“எங்க பாக்கணும் டாக்டர்?”

“வேற எங்க?” என்றார் பரக்கத் அலி.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எதிரிலேயே நின்றது. அதன் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர், “வணக்கம் செம்மல் ஐயா!” என்று கும்பிட்டார். பிச்சமுத்து கும்பிட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார். முழுசாகத்தான் போயிருக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் ரசம் இனித்தது.

“என்னது இது, பாயசத்தைக் கரைச்சு ஊத்தியிருக்கே?”

“மிளகு ரசங்க அது. எனக்குக் கண்ணுல தண்ணி வருது, உங்களுக்கு இனிக்குதா? வாயைக் காட்டுங்க.” அனுசுயா எட்டிப் பார்க்க, அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். “காட்ட வேணாம் போங்க. கண்ட தழையையும் மேய்ஞ்சா அப்படித்தான். செம்மறியாடுன்னு பட்டம் குடுத்திருக்கணும், ரெண்டெழுத்து முழுங்கிட்டானுங்க.”

தயிர் இனித்தது. தண்ணீர் இனித்தது. ஏப்பம் ஒன்று வந்தது. அதில் ரசமும் இல்லை, சோறும் இல்லை, மழைக்குப் பிறகு சுவரோரம் அழுகிக் கிடக்கும் பச்சிலையின் இளஞ்சூட்டு வாடை மட்டும் எழுந்து, மூக்கின் உட்புறத்தில் பாசி போல ஒட்டிக்கொண்டது. கை கழுவப் போனபோது வாஷ்பேசினில் காலையில் துப்பிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டார். அவை வழுக்கிப் போயின. அவர் குனிந்திருக்கும்போதே வேறு சில, சுவரிலிருந்து இறங்கி, சாவகாசமாக அவர் தாடையை நோக்கி வந்தன.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. “ஈபியில முப்பது வருஷம் குப்பை கொட்டினவர் வீடு,” என்று சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது. அவர் கூடத்து நாற்காலியில், இருட்டுகிற ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். வெளியே காற்றில்லாமலே கொடி அசைந்தது. நெற்றுகள் காய்ந்த தோல் போல உரசிக்கொண்டன. நடுநடுவே ஒன்று வாய் பிளந்தது. படக். சற்றுப் பொறுத்து வேறெங்கோ இன்னொன்று. படக். எத்தனையோ சாயங்காலம் கேட்ட சத்தம்தான்.

செல்போன் ஒளிர்ந்தது. அனிஷா.

“சார், எடிட்டிங்ல உக்காந்திருக்கேன். நீங்க இலை மெல்லும்போது மைக்குல கடக்குனு ஒரு சத்தம் விழுந்திருக்கு. அதைக் கட் பண்ணிடலாம். ஆனா அதுக்கப்புறமும் ஒரு சத்தம் சார். விட்டு விட்டு. கடைசி வரைக்கும் வருது.”

“என்ன சத்தம்?”

“தெரியல சார். மைக்கை உங்க நெஞ்சுல குத்தியிருந்தேன்ல? உள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. படக், படக்குனு. இதயத்துடிப்புன்னு நினைச்சேன். ஆனா துடிப்பு இவ்வளவு மெதுவா இருக்காதே சார்.” சிரித்தாள். “காலைல வந்து அந்த ஒரு பிட்டை மட்டும் திரும்ப எடுத்துக்கறேன்.”

போனை வைத்தார். கேட்டில் ஒரு நெற்று பிளந்தது. படக்.

அவர் கைக்குக் கீழே, தோலுக்குக் கீழே, ஏதோ பதில் சொன்னது.

எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தப் போனார். கேட்டின் வளைவில் சிவப்புக் கண்கள் கடைசி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மினுங்கின. இத்தனை வருஷம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவை.

இப்போது ஒன்றுகூடத் தெருவைப் பார்க்கவில்லை.

அன்று அவர் தூங்கினார் என்று சொல்ல முடியாது. தலையணை ஈரமாக இருந்தது. விடிகிற நேரத்தில் மேலுதட்டில் குறுகுறுவென்று ஊர்வதை உணர்ந்து தட்டிவிட்டபோது, கடைவாயின் ஓரத்திலிருந்து தலையணை, கட்டில்கால், தரை என்று ஒரு கறுப்புக் கோடு போயிருந்தது. போகும் எறும்பும் வரும் எறும்பும் வழியில் நின்று முகம் முட்டிப் பேசிக்கொண்டன. தொண்டையில் மயிர் சிக்கியது போல ஓர் அரிப்பு. செருமினார். போகவில்லை. செருமச் செருமக் கொஞ்சம் மேலே வந்தது.

பிறகு வயிறு அழைத்தது.

எதை எடுத்துக்கொண்டு போவது என்று அவர் இரவெல்லாம் யோசித்திருந்தார். தென்னங்குச்சி போதாது. சல்லடைக் கண் வேண்டும், அலச வேண்டும். மூலிகை ஆராய்ச்சிக்கு என்று தனியாக எதுவும் அவர் வாங்கி வைத்ததில்லை. சமையற்கட்டில் அனுசுயா எதற்கோ திரும்பிய சமயத்தில், ஸ்டாண்டில் தொங்கியதை எடுத்து வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சித்தர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம். மூலிகைச் செம்மல் குந்தியிருந்தார். ஒரு கையில் மூக்கைப் பொத்தினார். மறு கையால் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பொத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நாற்றமே இல்லை. அதுதான் குமட்டியது. எழுந்து வந்த வாடை இனிப்பாக, தழைவாடையாக, கேட்டு வளைவின் கீழே நிற்பது போல இருந்தது. ஊற்றினார். அலசினார். அவருக்குள்ளிருந்து போனது பச்சையாக, நாராக, வெற்றிலைச் சக்கை போலக் கரைந்து வழிந்தது. குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார்.

வெள்ளையாக ஒரு சில்லு. பல் உறை!

உறைதான்! உடைந்தது உறைதான். விதை இல்லை. பிச்சமுத்து குந்தியபடியே சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. இயற்கை தன்னை நம்பியவனை. அடுத்த மக்குத் தண்ணீரை ஊற்றினார். சிவப்பாக ஒன்று உருண்டு வந்து வலையில் தங்கியது.

விரலால் எடுத்தார். விதை. கடித்த தடம் இல்லை. கீறல் இல்லை.

திருப்பினார்.

பாதிதான் இருந்தது. இன்னொரு பாதி வலையில் கிடந்தது. இரண்டும் ஓடு. பல் பட்டு உடைந்தது போல இல்லை. முளைக்கிற விதை தன் ஓட்டைத் தானே கழற்றிப் போட்டது போல, சுத்தமாக. உள்ளே இருந்தது உள்ளே இல்லை.

தொண்டை அரித்தது.

எழுந்தார். செருமினார். அடிநாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. விரலை விட்டார். நூல். ஈரமான நூல். பிடித்து இழுத்தார். பச்சையாக வந்தது. இணை இணையாக, சின்னச் சின்ன இலை. மடங்கியிருந்தவை வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றாக விரிந்தன.

இன்னும் இழுத்தார்.

தொப்புளுக்குப் பின்னால் ஏதோ இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. குடலே கூட வருவது போல ஒரு சுண்டு. கண் இருண்டது.

படக்.

வெளியே இல்லை.

கண்ணாடியைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று தெரிந்தே வாயைத் திறந்தார். பச்சை. உள்நாக்கைச் சுற்றிப் பச்சை. அதற்குப் பின்னால், இருட்டில், முறுக்கிக்கொண்டு ஒரு நெற்று. வாய் பிளந்திருந்தது.

இரண்டு கண்.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெண்டிலேட்டர் கம்பியில் மற்றவை நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. ஒரு எறும்பு அவர் உதட்டைத் தாண்டி, இலைமேல் ஏறி, வாய்க்குள் இறங்கியது.

கதவு தட்டப்பட்டது.

“ஏங்க,” என்றாள் அனுசுயா வெளியிலிருந்து. “அனிஷா வந்து உக்காந்திருக்கு. டீ போட்டுட்டேன். வடிகட்டியைப் பாத்தீங்களா?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். இலைகள் அசைந்தன.

அந்த வீட்டில் டீ வடிகட்டி ஒன்றுதான் இருந்தது.